பிளிட்ஸ்ல ரேட்டிங் நகரவே மாட்டேங்குதா? நல்லா ஆடறவங்களுக்கான முழு வழிகாட்டி

முதல்லயே சொல்லிடறேன், பிளிட்ஸ்னா ஆளுக்கு சில நிமிஷம் மட்டும் வெச்சு ஆடற வேக செஸ், இது புதுசா செஸ் கத்துக்கறவங்களுக்கு எழுதினது இல்ல. ஃபோர்க், பின், டிஸ்கவர்டு அட்டாக் மாதிரி தந்திரம் எல்லாம் கண்ண மூடிட்டு பாப்பீங்க, ஓப்பனிங் ஓரளவுக்கு தெரியும், லிசெஸ்ங்கற ஆன்லைன் செஸ் தளத்துல ரேட்டிங் 2000லேர்ந்து 2300க்குள்ள எங்கயோ இருப்பீங்க, ஸ்லோ கேம்ல உங்கள அடிக்கறது கஷ்டம், ஆனா 3 நிமிஷம் வெச்சு ஆடினா உங்களவிட செஸ் கம்மியா தெரிஞ்ச பையன்கிட்ட ஃப்ளாக் விழுந்து, அதாவது நேரம் தீந்து, தோப்பீங்க. அந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் இது. நான் அந்த இடத்துல ரெண்டு வருஷம் உக்காந்திருந்தேன்.

அந்த ரெண்டு வருஷமும் நான் என்ன பண்ணேன்னா, ஓப்பனிங் வீடியோ பாத்தேன், புது லைன் படிச்சேன், கேம் மேல கேம் ஆடினேன், ரேட்டிங் 2150க்கும் 2220க்கும் நடுவுல ஊஞ்சல் ஆடிச்சு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை தோத்த கேமா 40 எடுத்து வெச்சு ஒரு நோட்டுல எழுதினேன். 10வது மூவ்ல கையில எத்தன செகண்ட், 20வதுல எத்தன, 30வதுல எத்தன, அந்த நேரத்துல பொசிஷன் எப்படி இருந்துச்சு. எழுதி முடிச்சப்ப எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, 40ல 23 கேம்ல 25வது மூவ் வரைக்கும் நான் சமமா இல்ல மேலதான் இருந்திருக்கேன், ஆனா கடிகாரத்துல 40 செகண்டுக்கும் கம்மி. சரி அந்த நேரம் எங்க போச்சுன்னு பாத்தா கஷ்டமான இடத்துல போகல. பிஷப்ப ஈ2 கட்டத்துல வைக்கலாமா டி3ல வைக்கலாமான்னு 11 செகண்ட், ரூக்க எந்தப் பக்கத்துலேர்ந்து கொண்டு வரலாம்னு 14 செகண்ட், திரும்ப வெட்டியே ஆகணும்ங்கற இடத்துல 5 செகண்ட். உண்மையிலயே யோசிக்க வேண்டிய இடம் வந்தப்ப கையில காசு இல்ல. அதனால இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான், உங்க லெவல்ல பிளிட்ஸ்ல முன்னேறணும்னா புதுசா செஸ் கத்துக்கறதவிட செகண்ட எங்க செலவு பண்றோம்னு கத்துக்கறதுதான் முதல் வேலை.

முதல் வேலை: உங்க கணக்க நீங்களே எழுதுங்க

லிசெஸ்ல கேம் முடிஞ்சதும் அனாலிசிஸ் பக்கத்துல மூவ் டைம்னு ஒரு கிராஃப் வரும், ஒவ்வொரு மூவுக்கும் எவ்ளோ நேரம் எடுத்தீங்கன்னு பட்டை பட்டையா காட்டும். கேம டவுன்லோட் பண்ணா அதுலயும் ஒவ்வொரு மூவுக்குப் பக்கத்துல கடிகார நேரம் இருக்கும். செஸ்.காம்லயும் மூவ் லிஸ்ட்லயே நேரம் தெரியும். ஜெயிச்சது வேணாம், கடைசியா தோத்த 30, 40 கேம் எடுங்க. ஒவ்வொண்ணுலயும் ரொம்ப நேரம் எடுத்த மூணு மூவ குறிச்சுக்கோங்க, அந்த மூணும் தேவையானதா இல்லையான்னு நேர்மையா ஒரு டிக் போடுங்க. எதனால தோத்தீங்கன்னு ஒரு வார்த்தைல எழுதுங்க: டைம், பிளண்டர் (பெரிய தப்பு), ஓப்பனிங், எண்ட்கேம். இத கம்ப்யூட்டர்ல பண்ணாம பேப்பர்ல பண்ணுங்கன்னு சொல்வேன், கையால எழுதும்போதுதான் அந்த 14 செகண்ட் உறுத்தும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். 3+0ன்னா ஆளுக்கு 3 நிமிஷம், ப்ளஸுக்கு அப்புறம் வர்றது ஒவ்வொரு மூவுக்கும் கூட சேர்ற செகண்ட், அதனால அதுல உங்ககிட்ட இருக்கறது 180 செகண்ட். 40 மூவ் கேம்னா மூவுக்கு நாலரை செகண்ட், 60 மூவ் போச்சுன்னா மூணே செகண்ட். நான் வெச்சிருக்கற பட்ஜெட் இதுதான்: முதல் 10 மூவுக்கு மொத்தமா 15 செகண்ட், நடுவுல நாலு தடவ மட்டும் 12, 13 செகண்ட் நின்னு யோசிக்கலாம், மிச்ச மூவெல்லாம் மூணு செகண்டுக்குள்ள. இப்படிப் போனா 30வது மூவ்ல கையில கிட்டத்தட்ட 60 செகண்ட் மிச்சம் இருக்கும், அது எதிராளிய விட அரை நிமிஷம் கூடன்னா நீங்க ஒரு பான் (சிப்பாய்) கம்மியா இருந்தாக்கூட பிராக்டிகலா நீங்கதான் மேல.

எந்த டைம் கண்ட்ரோல்

மூணு வாரத்துக்கு ஒண்ண மட்டும் பிடிச்சுக்கோங்க. காலைல 1+0, மத்தியானம் 5+3, ராத்திரி 3+0ன்னு மாத்தி மாத்தி ஆடினா உடம்புக்குள்ள அந்த கடிகாரம் செட்டே ஆகாது. உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப் 3+2ல நடக்குது, செஸ்.காம்ல கிராண்ட்மாஸ்டர் மாதிரி டைட்டில் வாங்கினவங்களுக்கு நடக்கற டைட்டில்டு டியூஸ்டே பல வருஷமா 3+1, 11 ரவுண்ட்னு ஆடினாங்க. இப்படி கூட சேர்ற நேரம் (இன்க்ரிமெண்ட்) இருந்தா ஆட்டமே வேற, 3+2ல 60 மூவ் ஆடினா உங்களுக்கு மொத்தம் 300 செகண்ட் கிடைக்குது, ஜெயிக்கற எண்ட்கேம ஜெயிச்சுக் காட்டலாம். 3+0ல அது கிடையாது. என் கருத்து, செஸ் வளரணும்னா 3+2, கடிகார ஒழுங்கு வரணும்னா 3+0. மூணு வாரம் அது, மூணு வாரம் இதுன்னு ஆடுங்க. புல்லட், அதாவது 1 நிமிஷ ஆட்டம், ஊறுகாய் மாதிரி, சாப்பாடு அது இல்ல. கை வேகத்துக்கும் ப்ரீமூவ் (எதிராளி ஆடறதுக்கு முன்னாடியே அடுத்த மூவ வெச்சிடறது) பழக்கத்துக்கும் வாரத்துக்கு அரை மணி நேரம் போதும், அதுக்கு மேல போனா பிளிட்ஸ்ல 10 செகண்ட் நிக்க வேண்டிய இடத்துலயும் கை தானா போயிடும்.

செட்டப், இத ஒரு தடவ சரி பண்ணிட்டு மறந்துடுங்க

சீரியஸா ஆடும்போது மொபைல்ல ஆடாதீங்க, நல்ல மவுஸ், தட்டையான 2டி போர்டு, பீஸ் அனிமேஷன ஆஃப் பண்ணுங்க இல்ல ஃபாஸ்ட்ல வைங்க. மூவ் கன்ஃபர்மேஷன் ஆன்ல இருந்தா ஆஃப். பான் கடைசி கட்டத்துக்கு போனா தானா குயின் ஆகற மாதிரி வைங்க, லிசெஸ்ல எப்பயாவது நைட்டா (குதிரையா) மாத்தணும்னா கண்ட்ரோல் கீய அழுத்திட்டு நகர்த்தினா கேக்கும். ஜென் மோட் ஆன் பண்ணா எதிராளி ரேட்டிங், சாட் எதுவும் கண்ணுல படாது, இது எனக்கு ரொம்பவே உதவிச்சு, 2500னு பாத்தாலே மூவுக்கு ரெண்டு செகண்ட் கூட யோசிக்கற வியாதி இருந்துச்சு. வைஃபை விட்டு விட்டு வந்தா கேபிள் போட்டுக்கோங்க. லிசெஸ் கொஞ்சம் லேக்க ஈடு கட்டும், முழுசா கட்டாது.

ஓப்பனிங்: லைன் வேணாம், ஸ்ட்ரக்சர் வேணும்

ஸ்லோ கேம்ல நைடார்ஃப் மாதிரி நெறைய லைன் மனப்பாடம் பண்ண வேண்டிய ஓப்பனிங் ஆடறீங்களா, நல்லது, அது ஏற்கனவே கைல ஊறினதுன்னா பிளிட்ஸ்லயும் ஆடுங்க. இல்லன்னா பிளிட்ஸுக்காக புதுசா அத எடுக்காதீங்க. ஒரே மாதிரி பான் அமைப்பு திரும்பத் திரும்ப வர்ற ஓப்பனிங்தான் செகண்ட மிச்சப்படுத்தும். உதாரணத்துக்கு கருப்புக்கு காரோ கான் ஓப்பனிங் எடுத்துக்கோங்க, வெள்ளை ஈ5 தள்ளினா பிஷப் எஃப்5க்கு வெளிய போகும், ஈ6, சி5, ஒரு நைட் சி6 இன்னொண்ணு ஈ7 வழியா எஃப்5 பக்கம், டி4 பான் மேல பிரஷர். இந்தக் கத மனசுல இருந்தா எதிராளி எந்த வரிசைல ஆடினாலும் உங்களுக்கு 15வது மூவ் வரைக்கும் வேலை இருக்கு. வெள்ளைக்கு லண்டன் சிஸ்டம் மாதிரி ஓப்பனிங் ஒண்ணு. போர் அடிக்குதுன்னு சிலர் சொல்வாங்க, எனக்கு அப்படி இல்ல, ஒரே ஸ்ட்ரக்சர 500 தடவ ஆடினாதான் அதோட நுணுக்கமே தெரிய ஆரம்பிக்கும்.

லிசெஸ்ல ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர்ல உங்க சொந்த பேர போட்டு பாக்கலாம், எந்த கிளைல உங்க ஸ்கோர் மோசமா இருக்குன்னு அப்படியே தெரியும். வாரத்துக்கு ஒரே ஒரு கிளைய சரி பண்ணுங்க. அதிகமா நேரம் திங்கறது தியரி இல்ல, சில்லறை கேம்பிட்டுங்கதான், அதாவது பான பலி குடுத்து வலை விரிக்கற ஓப்பனிங். இங்லுண்ட் கேம்பிட் பாருங்க: 1.டி4 ஈ5 2.டி4 பான் ஈ5ல வெட்டும், நைட் சி6 3.நைட் எஃப்3 குயின் ஈ7 4.பிஷப் எஃப்4 குயின் பி4 செக் 5.பிஷப் டி2 குயின் பி2ல வெட்டும். இப்ப பிஷப்ப சி3ல வெச்சு குயின தாக்கலாம்னு கை போகும், போனா பிஷப் பி4 வந்து ஆட்டம் முடிஞ்சுது. சரியான பதில் நைட் சி3. இத முன்னாடியே தெரிஞ்சு வெச்சிருந்தா ரெண்டு செகண்ட், தெரியலன்னா 40 செகண்ட் யோசிச்சு கரெக்டா ஆடினாலும் கடிகாரத்துல தோத்தாச்சு. இந்த மாதிரி உங்களுக்கு அடிக்கடி வர்ற ஏழெட்டு தொல்லைக்கும் ஆளுக்கு ஒரு அமைதியான பதில் எழுதி வெச்சுக்கோங்க. நீங்க டிராப் (பொறி) வைக்கறதா இருந்தா எதிராளி சரியா பதில் சொன்னாலும் உங்களுக்கு நஷ்டம் இல்லாத டிராப்பா மட்டும் பாத்து வைங்க.

நடு ஆட்டம்: எங்க நிக்கணும், எங்க நிக்கக்கூடாது

இதுதான் இருக்கறதுலயே முக்கியமான பகுதி. நல்லா ஆடறவங்களோட பிரச்சனையே நல்ல மூவ் கண்ணுல பட்ட பிறகும் அதவிட நல்ல மூவ் இருக்குமான்னு தேடறது. ஸ்லோ கேம்ல அதுதான் உங்கள இவ்ளோ தூரம் கொண்டு வந்துச்சு, அந்த குணத்த நான் குறை சொல்லல, ஆனா 3 நிமிஷத்துல ரெண்டு மூவுக்கும் வித்தியாசம் கால் பான் அளவுதான்னா அத கண்டுபிடிக்க செலவாகற 12 செகண்ட் அந்த கால் பான விட பெருசு.

நான் நிக்கற இடம் நாலே நாலுதான். ஒண்ணு, திரும்ப எடுக்க முடியாத பான் மூவ், குறிப்பா நடு பான தள்ளறதா வெட்டறதாங்கற கேள்வி. ரெண்டு, குயின மாத்திக்கலாமா, எண்ட்கேமுக்கு இறங்கலாமான்னு வரும்போது, ஏன்னா அதுக்கப்புறம் ஆட்டத்தோட கேரக்டரே மாறிடும். மூணு, யாராவது ராஜா மேல பீஸ் சாக்ரிஃபைஸ் பண்ணும்போது, எதிராளி பண்ணாலும் சரி நான் பண்ணாலும் சரி. நாலு, எதிராளி ஒரு மூவ் ஆடி அது எதுக்குன்னு எனக்குப் புரியலன்னா. இந்த நாலாவதுலதான் முன்னாடி நான் நிக்காம ஓடி பிளண்டர் பண்ணிட்டு இருந்தேன்.

மிச்ச இடத்துல ஒரே ஒரு கேள்வி மட்டும், இந்த மூவ ஆடினா எதிராளிக்கு செக், வெட்டு, குயின் மேல தாக்குதல் ஏதாவது இருக்கா. இல்லன்னா ஆடிடுங்க. எதுவும் தோணலன்னா மோசமா நிக்கற பீஸ நல்ல இடத்துக்கு கொண்டு போங்க, ராஜாவுக்கு ஒரு மூச்சு விடற ஜன்னல் திறந்து வைங்க, ரூக்க திறந்த ஃபைலுக்கு (பான் இல்லாத செங்குத்து வரிசைக்கு) கொண்டு வாங்க. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், ஆனா தெரிஞ்சத ரெண்டு செகண்ட்ல பண்றதுக்கு தைரியம் வேணும்.

எதிராளி யோசிக்கற நேரம் பாதி பேருக்கு வீணாப் போகுது. அவர் கடிகாரம் ஓடும்போது நீண்ட கால்குலேஷன் போடாதீங்க, அவர் வேற மூவ் ஆடினா அத்தனையும் குப்பை. அப்ப பாக்க வேண்டியது பொதுவான விஷயம், எந்த பீஸ் எங்க போகணும், எந்த எண்ட்கேம் எனக்கு நல்லது, அவரோட எந்த பான் வீக். அவர் ஆடினதும் உங்க நேரத்துல கணக்கு மட்டும் போடுங்க.

பெரிய ஆளுங்க ஆடறத பாக்கும்போதும் மூவ பாக்காதீங்க, கடிகாரத்த பாருங்க. நிஹால் சரின், நகமுரா, ஃபிரூஜா இவங்க பிளிட்ஸ் கேம் ஒண்ண எடுத்து எங்க நின்னாங்கன்னு மட்டும் குறிச்சுக்கிட்டே போங்க, திரும்ப வெட்டற மூவுக்கு கிட்டத்தட்ட நேரமே எடுக்க மாட்டாங்க, அப்புறம் திடீர்னு ஒரு இடத்துல 20 செகண்ட் நிப்பாங்க. அந்த இடம் ஏன்னு கண்டுபிடிக்கறதுதான் உங்க பாடம்.

ப்ரீமூவ்

லிசெஸ்ல ஒரு ப்ரீமூவ்தான் வைக்க முடியும், அதுக்கு நேரமே போகாது. செஸ்.காம்ல வரிசையா பல ப்ரீமூவ் வைக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் 0.1 செகண்ட் போகும். இந்த வித்தியாசத்தால கடைசி அஞ்சு செகண்ட் ஆட்டம் ரெண்டு தளத்துலயும் வேற வேற மாதிரி இருக்கும்.

பயமில்லாம வைக்கக்கூடியது: திரும்ப வெட்டற மூவ் (எதிராளி வெட்டலன்னா அது செல்லாமப் போயிடும், நஷ்டம் இல்ல), செக்குக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்குங்கறப்ப ராஜா மூவ், பான் ரேஸ்ல பான் தள்றது. வைக்கவே கூடாதது: ஓப்பனிங்ல பழக்க தோஷத்துல வைக்கறது. 1.டி4 ஜி6 ஆடிட்டு அடுத்து பிஷப் ஜி7னு ப்ரீமூவ் வைக்கறவங்க நெறைய பேர். அதுக்குன்னே 2.பிஷப் ஹெச்6னு ஆடுவாங்க, ப்ரீமூவ் வைக்காதவர் சும்மா பிஷப்ப வெட்டிட்டு போயிடுவார், வெச்சவரோட பிஷப் நேரா ஜி7க்கு போய் விழும், பின்னாடியே மூலைல இருக்கற ரூக்கும் போகும். அந்த ஒரு செகண்ட் மிச்சத்துக்கு இவ்ளோ விலை வேணாம்.

கடைசி 15 செகண்ட்

டைம் ஸ்க்ராம்பிள் தனி திறமை, தனியாத்தான் பழகணும். உங்க பீஸெல்லாம் ஒண்ணுக்கு ஒண்ணு காவல்ல இருக்கற மாதிரி கிட்ட கிட்ட வைங்க. எதிராளிகிட்ட வெள்ளைக் கட்ட பிஷப் மட்டும்னா உங்க பானையும் ராஜாவையும் கருப்புக் கட்டத்துல வெச்சிடுங்க, ஒரு தலைவலி போச்சு. மவுஸ் கம்மி தூரம் நகர்ற மூவா பாருங்க, இந்த மூலைலேர்ந்து அந்த மூலைக்கு குயின இழுக்கறப்பதான் மவுஸ் ஸ்லிப் ஆகுது. எதிராளி எதிர்பாக்காத இடத்துலேர்ந்து செக் குடுத்தா அவர் வெச்ச ப்ரீமூவ் உடையும், அவர் நின்னு பாத்து ஆடணும். அதுக்காக அர்த்தமில்லாம செக் குடுத்து நல்ல பீஸ தொலைக்காதீங்க.

ராஜா குயின் மேட், ராஜா ரூக் மேட் ரெண்டையும் கடிகாரம் வெச்சு பழகுங்க. லிசெஸ் போர்டு எடிட்டர்ல பொசிஷன் வெச்சு கம்ப்யூட்டரோட ஆடலாம். ரூக் மேட்ட 15 செகண்ட் குள்ள முடிக்கற வரைக்கும் தினமும் அஞ்சு தடவ. 2200 ரேட்டிங்ல இருக்கறவங்க இத ஸ்டேல்மேட் பண்றத (எதிராளிக்கு ஆட மூவே இல்லாம டிரா ஆக்கறத) நான் நெறைய தடவ பாத்திருக்கேன்.

ரூல்லயும் ஒரு விஷயம் கவனிங்க. உங்க ஃப்ளாக் விழறப்ப உங்ககிட்ட ஒரு பான் இருக்கு, எதிராளிகிட்ட ராஜாவும் ஒரு நைட்டும் மட்டும்னு வைங்க. செஸ்.காம்ல அது டிரா. லிசெஸ்ல எப்படியாவது ஒரு மேட் சாத்தியம்னா ஃப்ளாக் விழுந்தவர் தோத்தார், அதனால அது தோல்வி. லிசெஸ்ல இந்த மாதிரி நிலைமைல நேரம் இல்லன்னா பான நைட்டுக்கு குடுத்துட்டு டிரா வாங்கறதுதான் புத்திசாலித்தனம்.

ஃப்ளாக் பண்ணி ஜெயிக்கறது தப்பான்னு கேக்கறாங்க. 3+0ன்னு ஒத்துக்கிட்டுதான் ரெண்டு பேரும் உக்காந்தோம், கடிகாரமும் போர்டுல ஒரு பீஸ். எனக்கு இதுல எந்த சங்கடமும் இல்ல.

எண்ட்கேமும் டாக்டிக்ஸும்

எண்ட்கேம்ல யோசிச்சு கண்டுபிடிக்கறதுக்கு நேரம் இருக்காது, கைல இருக்கணும். லூசெனா, ஃபிலிடோர் (ரெண்டும் ரூக் எண்ட்கேம் நிலைகள்), ராஜா பான் ஆட்டத்துல ஆப்பொசிஷன் (ராஜாவுக்கு எதிர்ல ராஜா நிக்கறது), ஓர பானும் தப்பான கலர் பிஷப்பும் சேர்ந்தா டிராங்கறது, எதிர்க் கலர் பிஷப் டிராக்கள். அஞ்சும் கை தானா ஆடணும், குறிப்பா ஃபிலிடோர்ல ரூக்க ஆறாவது வரிசைல வெச்சு காத்திருந்து பான் முன்னேறினதும் பின்னாடி போய் செக் குடுக்கறது.

டாக்டிக்ஸ்க்கு லிசெஸ்ல பசில் ஸ்டார்ம், இல்ல செஸ்.காம்ல பசில் ரஷ். சுலபமான பசில வேகமா பண்றது உங்க லெவலுக்கு கீழன்னு நினைக்காதீங்க, பிளிட்ஸ்ல நாம தவற விடறது ஆறு மூவ் காம்பினேஷன் இல்ல, ரெண்டு மூவ் விஷயம். கேம் ஆடற நாள்ல எல்லாம் 3 நிமிஷ ஸ்டார்ம் மூணு தடவ, தப்பு பண்ணத மட்டும் திரும்பப் பாருங்க.

ஆனா வெறும் வேகம் மட்டும் போதாது. ஆனந்த் சின்ன வயசுல சென்னைல சோவியத் கலாச்சார மையத்துல இருந்த டால் செஸ் கிளப்ல பிளிட்ஸ் ஆடி ஆடித்தான் வளந்தார், வேகத்துக்காக லைட்னிங் கிட்னே பேர். அதே மனுஷன் 2017 டிசம்பர்ல ரியாத்ல 48 வயசுல உலக ரேபிட் சாம்பியன் ஆனார், அடுத்து நடந்த பிளிட்ஸ்ல வெண்கலம். அந்த வயசுல கை வேகத்துல சின்னப் பசங்கள ஜெயிக்க முடியாது, 30 வருஷம் ஆழமா யோசிச்சு சேத்து வெச்ச பேட்டர்ன்தான் வேகமா வெளிய வருது. அதனால வாரத்துக்கு ஒரு கேமாவது 15+10 இல்ல அதுக்கு மேல ஆடுங்க, ரெண்டு கஷ்டமான பொசிஷன 20 நிமிஷம் போர்டுல கை வைக்காம கணக்கு போடுங்க. இத நிறுத்தின மாசம் எல்லாம் என் பிளிட்ஸும் மூணு வாரத்துல சரிஞ்சுது.

எப்ப நிறுத்தணும்

சம பலம் இருக்கற ஆளோட ஆடினா, டிராவ விட்டுட்டு பாத்தா, எந்த மூணு கேம எடுத்தாலும் மூணும் தோக்கறதுக்கு எட்டுல ஒரு வாய்ப்பு. நீங்க 100 பாயிண்ட் உண்மையிலயே மேல இருந்தாலும் எதிர்பாக்கற ஸ்கோர் 64 சதவீதம்தான். அப்ப வரிசையா தோக்கறது நோய் இல்ல, அது கணக்கு. ஆனா தோத்த கோவத்துல நாலாவது கேம உடனே அழுத்தறோமே அங்கதான் நிஜமான நஷ்டம் ஆரம்பிக்குது. என் ரூல்: ஒரு தடவ உக்காந்தா 10 கேம், தொடர்ந்து மூணு தோத்தா அன்னிக்கு அவ்ளோதான், ராத்திரி 11க்கு மேல ரேட்டட் கேம் கிடையாது. ஜெயிக்கற மூட்ல இருந்தாலும் 10தான்.

எதிராளி எஞ்சின் (செஸ் ஆடற கம்ப்யூட்டர் புரோகிராம்) பாக்கறார்னு சந்தேகம் வந்தா ரிப்போர்ட் பண்ணிட்டு அடுத்த கேமுக்கு போங்க, சாட்ல சண்டை வேணாம். நீங்களும் லைவ் கேம் ஓடும்போது எக்ஸ்ப்ளோரரோ வேற எந்த உதவியோ திறந்து வைக்காதீங்க, ஓப்பனிங் பாக்கறதும் அதுல சேத்திதான்.

கேம் முடிஞ்சதும் ஒவ்வொண்ணையும் எஞ்சின்ல போட வேணாம். 10 முடிஞ்சதும் அதுல ரெண்டு எடுங்க, முதல்ல நீங்களே எங்க தப்புன்னு சொல்லுங்க, அப்புறம் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின். எஞ்சின் சொல்ற 0.4 வித்தியாசத்த விட்டுடுங்க, ஆட்டம் திரும்பின இடம் மட்டும்.

ஒரு வாரம் எப்படி இருக்கும்

வேலைக்குப் போறவங்கள மனசுல வெச்சு சொல்றேன். நாலு நாள் தலா 10 கேம், அதுக்கு முன்னாடி மூணு ஸ்டார்ம், அதுக்கு அப்புறம் ரெண்டு கேம் பாக்கறது, மொத்தம் ஒண்ணரை மணி நேரம் ஆகும். ஒரு நாள் ஓப்பனிங் கிளை ஒண்ணும் எண்ட்கேம் டிரில்லும். ஒரு நாள் ஸ்லோ கேம். ஒரு நாள் எதுவுமே வேணாம், மணிக்கட்டுக்கும் கண்ணுக்கும் ஓய்வு குடுங்க.

ஆறு வாரம் கழிச்சு மறுபடி தோத்த கேம் 40 எடுத்து அதே நோட்டுல பக்கத்து பக்கத்துல எழுதுங்க. ரேட்டிங்க பாக்காதீங்க, 20வது மூவ்ல கையில இருந்த செகண்ட பாருங்க. எனக்கு அது சராசரியா 70லேர்ந்து 105 ஆச்சு, ரேட்டிங் அதுக்குப் பின்னாடி மெதுவா வந்து எட்டு மாசத்துல 2390 தொட்டுச்சு. இப்ப என் நோட்டுல டைம்ங்கற வார்த்தை கம்மியாகி எண்ட்கேம்ங்கற வார்த்தை ஜாஸ்தியாயிருக்கு, அதனால இந்த மாசம் முழுக்க ரூக் எண்டிங்தான் ஓடிட்டு இருக்கு.